வலைச்செயலிகள் அனுப்பும் அஞ்சல் உரியவரிடம் சேர்வது எங்ஙனம்?

பயிற்சிக்குப் பெயர் பதிதல், மாணவர் சேர்க்கை, மண் பரிசோதனை முடிவை அறிதல், மறந்துபோன கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ளுதல் முதலிய காரியங்கள் பல இந்நாளில் வலைத்தளங்களின் வாயிலாகவே நடைபெறுகின்றன. இவற்றின் முடிவில் வலைச்செயலி ஒரு மின்னஞ்சலை அனுப்புகின்றது. அது வந்து சேராவிடின், விண்ணப்பித்தவர் தம் விண்ணப்பம் ஏற்கப்பட்டதா என்பதை அறியமாட்டார். இசைவு தெரிவிக்க வேண்டிய நாள் கடந்துவிடும். அவருக்குரிய இடம் வேறொருவருக்குப் போய்விடும். அலுவலகப் பதிவேடோ "அஞ்சல் அனுப்பப்பட்டது" என்று கூறும். பதிவேடு பொய் சொல்லவில்லை. விண்ணப்பித்தவரும் பொய் சொல்லவில்லை. இது நேரும் விதத்தையும், இதனைத் தவிர்க்கும் வழியையும் இங்குக் காண்போம்.

அனுப்புதல் வேறு, சேர்ப்பித்தல் வேறு. கையேடுகளை மொழிபெயர்ப்போர் சிலர் இவ்விரண்டுக்கும் ஒரே சொல்லை ஆள்கின்றனர். அம்மயக்கம் செயலியை எழுதுவோரிடத்தும் காணப்படுகின்றது.

அஞ்சல் கைமாறும் விதம்

ஒரு சேவையகத்திலிருந்து மற்றொன்றுக்கு மின்னஞ்சல் செல்வதற்குரிய விதிமுறையை 1982-ஆம் ஆண்டில் ஜான் போஸ்டெல் என்னும் அமெரிக்க அறிஞர் எழுதி வெளியிட்டார். எஸ்.எம்.டி.பி. என வழங்கும் அம்முறை பின்னர்த் திருத்தங்கள் பெற்றதாயினும் அதன் அடிப்படை மாறவில்லை. அனுப்பும் சேவையகம் முதலில் தன் பெயரைக் கூறும். அடுத்து அனுப்புநர் முகவரியையும் பெறுநர் முகவரியையும் கூறும். இறுதியில் கடிதத்தைக் கொடுக்கும். பெறும் சேவையகம் மூன்றிலக்க எண்களால் விடையளிக்கும். 2 என்று தொடங்கும் எண் இசைவைக் குறிக்கும். 4 என்று தொடங்கினால் "இப்பொழுது இயலாது, பின்னர் முயல்க" என்பது பொருள். 5 என்று தொடங்கினால் "ஒருபோதும் இயலாது" என்பது பொருள்.

250 என்னும் விடை கிடைத்தவுடன் பல செயலிகள் "சேர்ந்தது" எனக் குறித்துக்கொள்கின்றன. அவ்விடையின் உண்மைப் பொருள், அடுத்த சேவையகம் கடிதத்தின் பொறுப்பை ஏற்றுக்கொண்டது என்பது மட்டுமே. அதன்பின் கடிதம் இன்பாக்ஸை அடையலாம். ஸ்பாம் பெட்டியில் இடப்படலாம். சில மணி நேரங் கழித்துத் திருப்பியும் அனுப்பப்படலாம்.

இவ்விதிமுறை அனுப்புநர் யார் என்று கேட்டதேயன்றிச் சான்று கேட்கவில்லை. மேலும், தபாலில் உறையின்மேல் ஒரு பெயரும் உள்ளிருக்கும் கடிதத்தில் வேறொரு பெயரும் இருத்தல் கூடுவது போலவே, மின்னஞ்சலிலும் சேவையகங்கள் பேசிக்கொள்ளும் உறை முகவரி ஒன்று. படிப்பவர் கண்ணிற்படும் கடித முகவரி மற்றொன்று. ஆராய்ச்சி நிலையங்கள் சிலவே இணைந்திருந்த காலத்தில் இதனால் தீங்கில்லை. பிற்காலத்தில் மோசடிக்காரர்க்கு இதுவே வாயிலாயிற்று.

மூன்று சான்றுகள்

இக்குறையை நீக்க மூன்று ஏற்பாடுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. மூன்றும் முகவரியில் அட் குறிக்குப் பின் நிற்கும் களப்பெயரை, அதாவது டொமைனை, ஆதாரமாகக் கொண்டவை. களப்பெயருக்குரிய குறிப்புகள் டி.என்.எஸ். என்னும் பொதுப் பதிவேட்டில் உள்ளன. அதனை யாரும் படிக்கலாம். உரியவர் மட்டுமே எழுதலாம்.

முதலாவது எஸ்.பி.எஃப். "எம் பெயரால் அஞ்சல் அனுப்ப உரிமையுள்ள சேவையகங்கள் இவை" என்னும் பட்டியலை நிறுவனம் பதிவேட்டில் எழுதிவைக்கின்றது. பெறுபவர் உறை முகவரியின் களப்பெயரைக் கொண்டு அப்பட்டியலை ஒத்துப்பார்க்கின்றார். ஒரு களப்பெயருக்கு ஒரே பட்டியல்தான் இருத்தல் வேண்டும். புதிய அஞ்சல் சேவையை அமர்த்தும்போது பழைய பட்டியலோடு அதனைச் சேர்க்காமல் இரண்டாவது பட்டியல் எழுதிவிடுவோர் உண்டு. அவ்வாறு செய்தால் இரண்டும் செல்லாமற் போகும். பட்டியலைச் சரிபார்க்கப் பத்துக்கு மேற்பட்ட பதிவேட்டு வினவல்கள் தேவைப்பட்டாலும் அது செல்லாது.

இரண்டாவதான டி.கே.ஐ.எம். ஒரு முத்திரை போன்றது. அனுப்பும் சேவையகம் தன்னிடமுள்ள மறைசாவியால் கடிதத்திற்கு ஒப்பமிடும். அதற்கு இணையான பொதுச்சாவி பதிவேட்டில் இருக்கும். வழியில் கடிதம் திருத்தப்பட்டால் ஒப்பம் பொருந்தாது. ஒருவர் தம் அஞ்சலை வேறொரு முகவரிக்குத் திருப்பிவிட்டிருந்தால் எஸ்.பி.எஃப். பெரும்பாலும் தவறிவிடும், கடிதம் மாறாதவரை டி.கே.ஐ.எம். நிலைத்து நிற்கும். சாவியின் நீளம் 2048 பிட் இருத்தல் நன்று.

மூன்றாவது டிமார்க். முன்கூறிய இரண்டில் ஒன்றேனும் வெற்றி பெறுவதோடு, அதன் களப்பெயர் படிப்பவர் கண்ணிற்படும் களப்பெயரோடு பொருந்தவும் வேண்டும் என்பது இதன் விதி. பொருந்தாத கடிதத்தை வாளா விடுவதா, ஸ்பாம் பெட்டியில் இடுவதா, மறுப்பதா என்பதைக் களப்பெயரின் உடைமையாளரே அறிவிக்கின்றார். தம் பெயரால் எங்கிருந்தெல்லாம் அஞ்சல் செல்கின்றது என்னும் அறிக்கையையும் அவர் பெறலாம். எடுத்த எடுப்பிலேயே மறுக்கச் சொல்லுதல் விவேகமன்று. சில வாரங்கள் அறிக்கைகளைப் படித்தால், நூலகச் செயலி, கட்டணச் செயலி என மறந்துபோன சேவையகங்கள் வெளிப்படும். அவற்றை ஒழுங்கு செய்தபின் விதியைக் கடுமையாக்கலாம்.

இங்கே ஒரு பிழையைத் தனித்துக் கூறவேண்டும். தளத்தில் கேள்விப் படிவம் அமைப்போர், படிவத்தை நிரப்பியவரின் முகவரியையே அனுப்புநர் முகவரியாக இட்டுவிடுகின்றனர். பதில் எழுத வசதி என்பது அவர்தம் எண்ணம். நம் சேவையகம் யாஹூவின் பெயரால் கடிதம் எழுதுவதாகவே இது கொள்ளப்படும். யாஹூ நிறுவனம் 2014 ஏப்ரலில் டிமார்க் விதியை "மறுத்துவிடுக" என மாற்றியபோது, இவ்வாறு அனுப்பப்பட்ட அஞ்சல்கள் உலகெங்கும் மறுக்கப்பட்டன. அனுப்புநராக நம் முகவரியை இட்டு, "பதில் அனுப்ப" என்னுமிடத்தில் கேட்டவரின் முகவரியை இடுவதே முறை.

வரிசையும் திரும்பி வரும் அஞ்சலும்

பொத்தானை அழுத்தியவுடன் அதே நொடியில் அஞ்சலை அனுப்ப முயலும் செயலி, பெறும் சேவையகம் 4 என்று தொடங்கும் விடை தந்தால் கடிதத்தை இழந்துவிடும். கடிதத்தை முதலில் ஒரு வரிசையில் எழுதிவைத்து, வேறொரு நிரல் அதனை எடுத்து அனுப்புதல் வேண்டும். 2008-ஆம் ஆண்டின் திருத்திய விதிமுறை, மறுமுயற்சிகளுக்கிடையே அரைமணி நேரமேனும் விடவும், நான்கைந்து நாட்களேனும் முயலவும் அறிவுறுத்துகின்றது. சேர்க்கை ஆணைக்கு இது பொருந்தும். பத்து நிமிடமே செல்லுபடியாகும் ஓ.டி.பி.க்குப் பொருந்தாது, காலங்கடந்து வரும் ஓ.டி.பி. பெறுபவரைக் குழப்பும். ஆகவே இருவகைக்கும் தனித்தனி வரிசை தேவை.

5 என்று தொடங்கும் விடை வந்த முகவரிக்கு மீண்டும் மீண்டும் அனுப்பலாகாது. கிராமப்புறத்தில் பொதுச் சேவை மையத்தினர் விண்ணப்பத்தைத் தட்டச்சு செய்து கொடுக்கையில் முகவரியில் ஓரெழுத்துத் தவறுவது இயல்பு. தம் முகவரியையே பலருக்கு இட்டுவிடுதலும் நேரும். திரும்பிய அஞ்சலை யாரும் படிக்காத பெட்டிக்கு அனுப்புவது இவ்விண்ணப்பதாரரைக் கைவிடுவதாகும். முகவரி பயனற்றது என்னும் குறிப்பு விண்ணப்பத்தின்மேல் தோன்றுமாறு செய்தால், களப் பணியாளர் தொலைபேசியில் அழைத்துச் சொல்ல இயலும். பதிவு எண்ணைத் திரையிலும் காட்டுதல் நலம்.

கூகிள், யாஹூ நிறுவனங்கள் 2024 பிப்ரவரி முதல் இவ்வேற்பாடுகளைப் பேரளவில் அனுப்புவோர்க்குக் கட்டாயமாக்கின. ஜிமெயில் முகவரிகளுக்கு ஒரு நாளில் 5,000-க்கு மேல் அனுப்புவோர் மூன்று சான்றுகளையும் வைத்திருத்தல் வேண்டும்; பெறுநர் ஸ்பாம் எனப் புகாரிடும் விகிதம் 0.3 சதவீதத்தை எட்டலாகாது. ஆதலால் செய்தி மடல்களையும் தேர்வு நுழைவுச்சீட்டு அஞ்சலையும் ஒரே முகவரியிலிருந்து அனுப்புதல் தகாது. மடலின்மேல் எழும் புகார் நுழைவுச்சீட்டையும் தடுத்துவிடும்.

பதிவேட்டைத் திருத்தும் உரிமை யாரிடம் உள்ளது என்பதை முதலில் அறிக. அரசுத் துறைகளின் ஜி.ஓ.வி.-இன் வகைக் களப்பெயர்களைத் தேசியத் தகவலியல் மையமும், கல்வி நிலையங்களின் ஏ.சி.-இன், ஈ.டி.யூ.-இன் வகைப் பெயர்களை எர்நெட் இந்தியாவும் பதிவு செய்கின்றன. அமைப்பு முடிந்தபின் ஜிமெயில் முகவரியொன்றுக்குச் செயலியிலிருந்து அஞ்சலொன்று அனுப்பி, அதனைக் கணினியில் திறந்து, "ஷோ ஒரிஜினல்" என்பதைத் தேர்க. மூன்று சான்றுகளின் பெயர்களுக்கு எதிரிலும் "பாஸ்" என்றிருந்தால் பதிவேடு சரியாயுள்ளது. ஒன்றின் எதிரே "ஃபெயில்" என்றிருப்பின், அப்பக்கத்தை அப்படியே அச்சிட்டுப் பதிவேட்டுக்குப் பொறுப்பானவரிடம் கொடுக்கலாம்; அவருக்கு வேண்டிய விவரம் யாவும் அதில் இருக்கும்.