தீ ஏன் மலை ஏறுகிறது?



நம்ம போடியிலிருந்து குரங்கணி சுமார் 15 கி.மீ. அங்கிருந்து ஏறினால் ஒரு பக்கம் கொழுக்குமலை, இன்னொரு பக்கம் டாப் ஸ்டேஷன். முதுகில் பை மாட்டிக்கொண்டு மலையேற்றம் போகிற வெளியூர்க்காரர்களை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை, அப்படிக் கொழுக்குமலை போய்விட்டு இறங்கியவர்கள் காட்டுத்தீயில் சிக்கினார்கள். அங்கேயும் ஆஸ்பத்திரியிலுமாக மொத்தம் 23 பேர் இறந்தார்கள். நான் அப்போ ஒண்ணாம் வகுப்பு. ராத்திரி முழுக்க ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டது மட்டும் ஞாபகம் இருக்கு. ஹெலிகாப்டர் வந்தது பேப்பரில் பெரிதாக வந்தது. இருட்டில் முதலில் மேலே ஏறிப்போய், காயம்பட்டவர்களைப் போர்வையில் தூக்கி வந்தது குரங்கணி ஊர்க்காரர்கள்தான்.

"தீயைப் பார்த்ததும் ஓடியிருக்கலாமே?" என்று இன்னிக்கும் சிலர் கேட்கிறார்கள். ஓட முடியாது. ஏன் என்று பார்ப்போம்.

ஒரு தீக்குச்சியைப் பற்றவைத்து, தலை மேலே இருக்கும்படி நேராகப் பிடித்தால் மெதுவாக எரியும், சில சமயம் அணைந்தே போகும். தலைகீழாகப் பிடித்தால் சடசடவென்று விரலுக்கு வந்துவிடும். (வீட்டில் பெரியவங்க இல்லாம செய்யாதீங்க!) சூடான காற்று மேலே போகிறது. அது மேலே உள்ள குச்சியை முன்கூட்டியே காயவைத்து, எரியத் தயாராக்கிவிடுகிறது. மலைச்சரிவில் நிற்கும் புல்லும் அப்படித்தான். சரிவு 10 டிகிரி கூடினால் மேலேறும் தீயின் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும் என்பது தீயணைப்புக்காரர்களின் கணக்கு. அப்படியென்றால் 20 டிகிரிக்கு நான்கு மடங்கு, 30 டிகிரிக்கு எட்டு மடங்கு! மனுஷனுக்கோ சரிவு கூடக்கூட வேகம் குறையும், மூச்சு வாங்கும்.

இது போதாதென்று, பகலில் வெயில் பட்டுச் சூடாகும் சரிவில் காற்றும் கீழிருந்து மேலேதான் வீசும். குறுகலான ஓடைப் பள்ளம் ஒளிந்துகொள்ள நல்ல இடம் மாதிரி தெரியும். ஆனால் அது புகைபோக்கி போல நெருப்பை உறிஞ்சி இழுக்கும்.

அதனால் கீழே தீ தெரிந்தால் மேல்நோக்கி ஓடவே கூடாது. பக்கவாட்டில் விலகி, தீயின் ஓரத்தைத் தாண்டப் பார்க்க வேண்டும். புல் இல்லாத பாறை, ஏற்கெனவே எரிந்து ஆறிய கரிநிலம் இரண்டும் நல்ல இடம். புகை வந்தால் குனிந்து போக வேண்டும், நல்ல காற்று தரையை ஒட்டித்தான் இருக்கும். பருத்தித் துணிதான் நல்லது. நைலான் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும்.

அந்த விபத்துக்குப் பிறகு 2018-லேயே தமிழக அரசு மலையேற்றத்துக்குத் தனி விதிகள் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் 40 பாதைகளை வனத்துறை வழிகாட்டிகளோடு திறந்தார்கள். 2025-ல் பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை அவற்றை மூடியும் வைத்தார்கள். "பனி விட்டு வெயில் வர்ற நல்ல நேரத்துல மூடுறாங்களே" என்று என் அண்ணன் முணுமுணுத்தான். அந்த நல்ல நேரத்தில்தான் புல் அப்பளம் மாதிரி காய்ந்திருக்கும். குரங்கணித் தீ வந்ததும் மார்ச்சில்தான்.

மலையில் புல் இல்லாமல் நீளமாக ஒரு பட்டை தெரிந்தால் அது ஒற்றையடிப் பாதை என்று நினைக்காதீர்கள். கோடைக்கு முன்னாடியே புல்லை வெட்டி, செதுக்கிப் போடும் தீத்தடுப்புக் கோடு அது. தீ அங்கே வந்தால் தின்ன ஒன்றும் இருக்காது.

– 9-ஆம் வகுப்பு, 'ஆ' பிரிவு