உடலுறவில் நேரும் வலியும் இடுப்புத்தளத் தசைகளும்

மணமாகிச் சில ஆண்டுகள் கழிந்தும் மகப்பேறில்லை எனக் குறை கூறி வரும் பெண்களுள் சிலருக்கு, உண்மையில் உடலுறவே நிறைவேறியிருப்பதில்லை. வலியே அதற்குத் தடை. நாணத்தால் அவர்கள் அதைக் கூறுவதில்லை, நாமும் வினவுவதில்லை.

இடுப்புக் கூட்டின் அடிப்புறத்தில், முன் எலும்பிலிருந்து வாலெலும்பு வரை தூளிபோல் அமைந்து, சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் ஆகியவற்றைத் தாங்குபவை இடுப்புத்தளத் தசைகள். யோனி வாயிலைச் சூழ்ந்திருப்பவையும் இவையே. கண்ணருகே விரல் வந்தால் இமை தானே மூடுவதுபோல, வலியை எதிர்பார்க்கும்போது இத்தசைகள் பெண்ணின் விருப்பமின்றியே இறுகுகின்றன. இறுக்கத்தால் வலி மிகும். வலியால் இறுக்கம் மிகும். "பொறுத்துக்கொள், பழகிவிடும்" என்று வீட்டு மூத்தோர் கூறும் அறிவுரை இங்குத் தீங்கே செய்யும்.

எல்லா வலிக்கும் தசையே காரணமன்று. தொற்று, பேறுகாலத் தையலின் தழும்பு, எண்டோமெட்ரியோசிஸ், பாலூட்டும் காலத்திலும் மாதவிடாய் நின்ற பின்னும் ஏற்படும் வறட்சி ஆகியவற்றை மருத்துவர் முதலில் ஆராய வேண்டும். ஆயினும், அவை குணமான பின்னரும் இறுகும் பழக்கம் தசைகளில் தங்கிவிடுவதுண்டு. பிசியோதெரபி எனப்படும் இயன்முறைச் சிகிச்சை இங்கேதான் பயன்படுகிறது.

ஈண்டு ஒரு பிழையைச் சுட்டுதல் வேண்டும். அமெரிக்க மருத்துவர் ஆர்னால்டு கெகல் 1948இல் விளக்கிய சுருக்கும் பயிற்சி, தளர்ந்த தசைகளை வலுப்படுத்துவதற்கானது. பேற்றுக்குப்பின் சிறுநீர் கசிவோருக்கு அது நன்று. முன்னமே இறுகியுள்ள தசைகளுக்கு அதையே கற்பித்தால் வலி கூடக்கூடும். இவர்கள் கற்க வேண்டியது தளர்த்துதலே.

பெண் முழங்கால்களை மடக்கி மல்லாந்து படுத்து, வயிற்றின்மீது கையை வைத்து மெல்ல மூச்சை உள்ளிழுக்கட்டும். உதரவிதானம் தாழும்போது இடுப்புத்தளமும் உடன் தாழும். அந்தத் தாழ்வை உணர்வதே முதற் பாடம். சிலருக்கு இதற்கே பல நாட்கள் வேண்டும். பின்னர், பயிற்சி பெற்ற சிகிச்சையாளர், ஒவ்வொரு முறையும் பெண்ணின் இசைவு பெற்று, இறுகிய இடங்களை விரலால் தளர்த்துவார். அடுத்து, சிறிதிலிருந்து பெரிதாகப் படிப்படியாக அமைந்த வழவழப்பான விரிப்பான்களை அவளே வீட்டில் பயன்படுத்துவாள். ஓர் அளவு வலியின்றி அமைந்த பின்னரே அடுத்தது. வேகத்தை நிர்ணயிப்பவள் அவளேயன்றிக் கணவனோ மாமியாரோ அல்லர். வலி தரும் முயற்சிகளை இக்காலத்தில் நிறுத்திவைக்குமாறு, அவள் இசைந்தால், கணவனுக்கும் எடுத்துரைக்கலாம்.

ஊழியர் இதனைக் கேட்க வேண்டிய இடம் கூட்டமன்று. பெண் தனித்திருக்கும்போது, "கணவருடன் சேரும்போது வலி உண்டா, அம்மா?" என்று கேட்டால் போதும். விடை உடனே வாராவிடில், அடுத்த வருகையில் மீண்டும் ஒருமுறை கேட்கலாம்.