கோர்களை எண்ணும் முன் லேன்களை எண்ணுங்கள்

வொர்க்ஸ்டேஷன் கட்டப் போகிறவர்களின் பேச்சு எப்போதும் ரைசன் 9-ஆ, கோர் அல்ட்ரா 9-ஆ என்றுதான் தொடங்குகிறது. ரிச்சி தெருக் கடைகளில் எழுதித் தரும் கொட்டேஷனிலும் முதல் வரி ப்ராசசர்தான். மதர்போர்டு, அதற்குப் பொருந்தும் ஏதோ ஒன்றாக, இரண்டாம் வரியில் வந்து உட்காரும். கேம் ஆடும் கணினிக்கு இந்த வரிசையால் பெரிய கெடுதல் இல்லை. வேலைக்கான கணினிக்கு இதை அப்படியே திருப்பிப் போட வேண்டும் என்பது என் கட்சி. எவ்வளவு ராம், எத்தனை கார்டு, எத்தனை எஸ்எஸ்டி என்பதை முதலில் முடிவுசெய்ய வேண்டும். அதைத் தாங்கும் சாக்கெட்டையும் போர்டையும் அடுத்துப் பார்க்க வேண்டும். ப்ராசசர் கடைசியில் வந்தால் போதும். ப்ராசசரைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம். சாக்கெட் கொடுக்கிற மெமரி சேனல்களையும், கார்டும் எஸ்எஸ்டியும் ப்ராசசரோடு பேசும் பாதைகளான பிசிஐஇ லேன்களையும் பிறகு கூட்டவே முடியாது.

ராமிலிருந்தே பார்ப்போம். ரைசனுக்கான ஏஎம்5 சாக்கெட் போர்டுகளில் பெரும்பாலும் நான்கு ராம் ஸ்லாட் இருக்கும். அதைப் பார்த்து, ‘இப்போது இரண்டு ஸ்டிக், அடுத்த வருடம் இன்னும் இரண்டு’ என்று கணக்குப் போடுவது டிடிஆர்4 காலத்துப் பழக்கம். ரைசன் 7000 வரிசைக்கு ஏஎம்டி அதிகாரபூர்வமாகச் சொல்லும் வேகம் இரண்டு ஸ்டிக் போட்டால் 5200. நான்கும் போட்டால் 3600. அலைவரிசையாகச் சொன்னால் நொடிக்கு 83 ஜிபி என்பது ஏறக்குறைய 58 ஜிபியாக விழுகிறது. அதை 16 கோர்கள் பங்குபோட வேண்டும். பயாஸில் நோண்டி நான்கு ஸ்டிக்கையும் வேகமாக ஓட்டுகிறவர்கள் உண்டு. ராத்திரி முழுக்க ஓடும் ரெண்டரை அந்த நம்பிக்கையில் விட்டுவிட்டுத் தூங்க எனக்கு மனம் வராது. ஆகவே இரண்டு சேனல் சாக்கெட் என்றால், தேவையான மொத்த ராமையும் முதல் நாளே இரண்டு ஸ்டிக்கில் வாங்குவதே சரி. 48 ஜிபி ஸ்டிக்குகள் வந்த பிறகு 96 ஜிபி இப்படி எளிதாகக் கிடைக்கிறது.

லேன் விஷயம் இதைவிட நுணுக்கமானது. ஏமாற்றமும் இங்கேதான் அதிகம். ரைசன் 7000 ப்ராசசரிலிருந்து 28 லேன் வருகின்றன. நான்கு சிப்செட்டுக்குப் போய்விடும். மிச்சம் 24-இல் 16 கிராபிக்ஸ் கார்டுக்கு, எட்டு, எம்.2 எஸ்எஸ்டி போன்றவற்றுக்கு. மற்ற அனைத்தும், அதாவது கூடுதல் எஸ்எஸ்டி, சாட்டா டிஸ்க், நெட்வொர்க், பெரும்பாலான யூஎஸ்பி, சிப்செட்டுக்குப் போகும் அந்த நான்கு லேன் வழியாகத்தான் ப்ராசசரைச் சேர வேண்டும். அது நான்காம் தலைமுறை வேகம். நொடிக்கு 8 ஜிபிக்குச் சற்றுக் குறைவு. 7 ஜிபி வேகத்தில் படிக்கும் ஒரே ஒரு எஸ்எஸ்டி அந்த வழியைக் கிட்டத்தட்ட அடைத்துவிடும். இன்டெலின் இசட்690, இசட்790 சிப்செட்டுகளில் இதே இணைப்பு எட்டு லேன் அகலம். வீடியோ ஃபுட்டேஜை ஒரு டிஸ்கிலிருந்து இன்னொன்றுக்கு நாள்தோறும் கொட்டுகிறவருக்குக் கோர் எண்ணிக்கையைவிட இந்த வித்தியாசம் பெரிது.

விளம்பரப் பக்கத்தில் இதெல்லாம் இருக்காது. போர்டின் மேனுவலை இறக்கிப் பார்த்தால், ஸ்லாட் அட்டவணைக்குக் கீழே பொடி எழுத்தில் கிடக்கும். நீளமான இரண்டாவது ஸ்லாட்டைப் பார்த்தால் 16 லேன் போலத் தெரியும். உள்ளே சிப்செட்டிலிருந்து நான்கே லேன் வந்திருக்கும். எக்ஸ்870இ போர்டுகள் சிலவற்றில் குறிப்பிட்ட எம்.2 ஸ்லாட்டில் எஸ்எஸ்டியைப் போட்டதுமே கிராபிக்ஸ் கார்டு 16-இலிருந்து எட்டுக்கு இறங்கிவிடும். காசைக் கொடுப்பதற்கு முன் படிக்க வேண்டிய ஒரே ஆவணம் அந்த மேனுவல்.

மெமரிப் பிழைகளைத் திருத்தும் இசிசி ராம் வேண்டும் என்கிறவர்களுக்குத் தேர்வு இன்னும் குறுகும். டிடிஆர்5-இல் சிப்புக்குள்ளேயே இருக்கும் பிழைதிருத்தம் முழுமையான இசிசி ஆகாது. இன்டெலின் 12 முதல் 14 வரையிலான தலைமுறைகளில் இதற்கு டபிள்யூ680 சிப்செட் வேண்டும். ஏஎம்5-இல் போர்டு தயாரிப்பாளர் ஆதரித்தால் போதும். செகண்ட் ஹேண்டில் இன்டெல் 13, 14-ஆம் தலைமுறை உயர்நிலை ப்ராசசர் வாங்குகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: அவற்றின் நிலைகுலைவுக்கு 2024 ஆகஸ்டில் வந்த மைக்ரோகோடு, சேதம் நேராமல் தடுக்குமே தவிர ஏற்கெனவே பழுதானதைச் சரிசெய்யாது.

பெஞ்ச்மார்க்கில் கோர்தானே ஜெயிக்கிறது என்று கேட்கலாம். பிளெண்டரில் ப்ராசசரை வைத்தே ரெண்டர் செய்கிறவருக்கு அது உண்மை. ஆனால் எல்லோரும் காட்டும் சினிபெஞ்ச், மெமரி அலைவரிசையைப் பெரிதாகச் சோதிப்பதே இல்லை. ஓபன்ஃபோமில் திரவ ஓட்டத்தைக் கணக்கிடுகிறவருக்கு அந்த மதிப்பெண் ஒன்றும் சொல்லாது. மெமரி தீனி போட முடியாத கோர் சும்மா காத்துக்கிடக்கும். ப்ராசசரே முந்திக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். 4:2:2 10-பிட் ஹெச்இவிசி ஃபுட்டேஜை எடிட் செய்கிறவர்களுக்கு இன்டெலின் குவிக் சிங்க் பல வருடங்களாகத் தனிச் சலுகையாக இருந்தது. 2025-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 50 கார்டுகளும் அதைச் செய்வதால் அந்தச் சலுகையும் கரைந்துவருகிறது.

இதைவிட வலுவான மறுப்பு, சாக்கெட்டின் ஆயுள். ஏஎம்4 இதற்கு நல்ல சாட்சி: 2017-இல் எட்டுக் கோரோடு தொடங்கிய சாக்கெட் 2019-இல் 16 கோரைத் தாங்கியது. ஆனால் மெமரி சேனல் அன்றும் இரண்டு, இன்றும் இரண்டு. நான்காம் தலைமுறை பிசிஐஇ வந்தபோதும் பழைய போர்டுகளுக்கு அது கிடைக்கவில்லை. ராமும் ஸ்லாட்டும் போதாமல் தவிப்பவருக்குப் புது ப்ராசசர் வாங்கிப் போட்டு என்ன பயன்? தவிர, ஆயுளை நம்பி மட்டும் பணம் போடுவதும் ஆபத்து. 2019 நவம்பரில் ஏஎம்டியின் உயர்நிலை ரகமான த்ரெட்ரிப்பர் 3000 வரிசைக்காக வந்த டிஆர்எக்ஸ்40 போர்டுகளுக்கு அடுத்த தலைமுறை ப்ராசசர் வரவே இல்லை. 5000 வரிசை வேறு சிப்செட்டுக்குப் போய்விட்டது.

அப்படியானால் நேராக த்ரெட்ரிப்பருக்கே போய்விடலாமே? அதன் டிஆர்எக்ஸ்50 போர்டுகளில் நான்கு சேனல்; ஐந்தாம் தலைமுறை லேன்களே 48. ஆனால் 7960எக்ஸ் வந்தபோது விலை 1,499 டாலர். ஏஎம்5-இன் 7950எக்ஸ் 699 டாலருக்கு வந்தது. ராமும் சாதாரண டெஸ்க்டாப் ராம் அல்ல, ரெஜிஸ்டர்டு ராம். போர்டும் விலை அதிகம். ஒரு கார்டு, 96 ஜிபி ராம் என்று முடிகிற வேலைக்கு இது வீண் செலவு. இரண்டு கார்டு என்றாலும் அவசரப்பட வேண்டாம். ரெண்டரிங்கில் காட்சி ஒரு தடவை கார்டின் மெமரிக்குள் ஏறிவிட்டால், எட்டு லேனில் ஓடுவதால் இழப்பு சொற்பம். ஆகவே 16 லேனை எட்டு எட்டாகப் பிரித்துக் கொடுக்கும் ஏஎம்5 போர்டே போதும். 200 ஜிபியைத் தாண்டும் ராமோ மூன்றாவது கார்டோ பட்டியலில் ஏறும்போதுதான் த்ரெட்ரிப்பரைப் பற்றிப் பேச வேண்டும். எட்டு எட்டாகப் பிரிக்கும் போர்டிலும் இரண்டு ஸ்லாட்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியைப் பார்த்து வாங்குங்கள். இன்றைய பெரிய கார்டுகள் மூன்று ஸ்லாட்டுக்கு மேல் இடம் பிடிப்பதால், லேன் இருந்தும் இரண்டாவது கார்டை மாட்ட வழியில்லாமல் போய்விடும்.