டைப் செய்தது தொலையாமலும் பிறர் கண்ணில் படாமலும் இருக்க...

எங்கள் ஊர் உத்திரமேரூர். வைகுண்டப் பெருமாள் கோயிலில் உள்ள குடவோலைக் கல்வெட்டுகளைப் (கி.பி. 919, 921) பற்றித் தமிழ் விக்கிப்பீடியாவில் சில பத்திகள் சேர்க்க நினைத்தேன். எடிட் கட்டத்திலேயே ஒரு மணி நேரம் டைப் செய்தேன். கரண்ட் போய்விட்டது. யூ.பி.எஸ். இல்லை. கம்ப்யூட்டரை மீண்டும் ஆன் செய்தபோது நான் எழுதியதில் ஒரு வரிகூட இல்லை.

காரணம் எளிது. எடிட் கட்டத்தில் டைப் செய்வது, வெளியிடும் பட்டனை அழுத்தும் வரை விக்கிப்பீடியாவில் சேவ் ஆகாது. முன்தோற்றம் பார்ப்பதும் சேவ் செய்வது ஆகாது.

அடுத்த முறை உஷாராக, 'மணல்தொட்டி' பக்கத்தில் எழுதிச் சேவ் செய்தேன். அங்கே இன்னொரு தவறு. தகவல் சொன்ன பெரியவரின் போன் நம்பரையும் குறிப்பாக அதில் எழுதி வைத்திருந்தேன். மணல்தொட்டி எனக்கு மட்டும் தெரியும் என்று நம்பினேன். உண்மையில் அதை யாரும் திறந்து பார்க்கலாம். நம்பரை அழித்த பிறகும், 'வரலாறு' பகுதியில் பழைய பதிப்பு அப்படியே இருந்தது. நிர்வாகி ஒருவரிடம் கேட்டுத்தான் அதை மறைக்க முடிந்தது.

இப்போது நான் செய்வது இதுதான்:

1. முதலில் நோட்பேடைத் திறந்து அதில் டைப் செய்யுங்கள்.

2. 'சேவ் ஆஸ்' கொடுத்து, 'என்கோடிங்' என்ற இடத்தில் 'யூ.டி.எஃப்.-8' என்பதைத் தேர்ந்தெடுங்கள். 2019-க்கு முந்தைய விண்டோஸில் இதைக் கவனிக்காவிட்டால் தமிழ் எழுத்துகள் கேள்விக்குறிகளாக மாறிவிடும்.

3. ஒவ்வொரு பத்தி முடிந்ததும் கன்ட்ரோல் + எஸ் அழுத்துங்கள். பென் டிரைவில் ஒரு காப்பி வையுங்கள்.

4. பெயர், போன் நம்பர் போன்ற சொந்தக் குறிப்புகளைத் தனி ஃபைலில் வையுங்கள்.

5. எல்லாம் சரி என்று தோன்றிய பிறகே காப்பி செய்து, எடிட் கட்டத்தில் பேஸ்ட் செய்து வெளியிடுங்கள்.

விக்கிப்பீடியாவின் 'விருப்பத்தேர்வுகள்' பகுதியில் 'எடிட் ரெக்கவரி' என்ற வசதியும் உண்டு. வெளியிடாத எழுத்தை இது உங்கள் பிரவுசரிலேயே சேமித்து வைக்கும். வீட்டுக் கம்ப்யூட்டரில் இது நல்ல துணை. பிரவுசிங் சென்டரில் பயன்படுத்த வேண்டாம். அடுத்து உட்காருபவரின் கையில் உங்கள் வரைவு சிக்கலாம்.

சுருக்கமாகச் சொன்னால், விக்கிப்பீடியாவில் சேவ் செய்வது என்றால் ஊரறிய வெளியிடுவது. உங்களுக்கு மட்டுமான வரைவுக்கு உங்கள் ஹார்ட் டிஸ்க்தான் இடம்.