முதுமையில் மனச்சஞ்சலமும் அதற்குரிய அப்யாஸமும்

எம்பெருமானை ஸேவிக்க வரும் அன்பர்களில் முதியோர் பலர். சந்நிதியில் கைகூப்பி நிற்கும்போதும் அவர்களிற் சிலருடைய மனம் அங்கு நிற்பதில்லை. வீட்டைச் சரியாகப் பூட்டினோமா, வெளியூர் சென்ற பிள்ளை சௌக்கியமாய்ச் சேர்ந்தானா, நாளை நடமாட இயலாமற் போனால் யார் பார்ப்பர் என்று அது ஓடுகின்றது. இரவில் உறக்கமின்மையும், கேட்டதையே மீண்டும் மீண்டும் கேட்டலும் இக்கவலையின் வடிவங்களாதல் உண்டு. "இந்த மனத்திற்குத் தியானம் ஏது?" என்று அவர்கள் தம்மையே நொந்துகொள்கின்றனர். அவ்வாறு நோக வேண்டுவதில்லை.

மனத்தை நிறுத்துதல் அரிதென்று ஸ்ரீமத் பகவத் கீதையின் ஆறாம் அத்தியாயத்தில் முறையிட்டவன் மாவீரனான அர்ஜுனனே. பகவான் அதனை மறுத்தருளவில்லை. அப்யாஸம், வைராக்கியம் என்னும் இரண்டையும் வழியாகக் காட்டியருளினான். ஓடிய மனத்தை ஓடிய இடத்தினின்றும் திரும்பக் கொணர்தலே அப்யாஸம்.

பௌத்தர்கள் பாலி மொழியில் 'ஸதி' என்பது ஸம்ஸ்க்ருதத்தில் 'ஸ்ம்ருதி' ஆகும். இப்போது நிகழ்வதை மறவாதிருத்தல் என்பது இங்கு அதன் கருத்து. அம்மரபிலிருந்து முறையெடுத்து, அமெரிக்காவில் மாஸசூஸெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் ஜான் கபாட்-ஸின் என்பார் 1979-இல் நோயாளிகளுக்கென மதச்சார்பற்ற பயிற்சியொன்றைத் தொடங்கினார். அது எட்டு வாரப் பயிற்சியாகப் பல நாடுகளிலும் பரவியது. 2022-இல் வெளியான ஓர் ஆய்வில், கவலை நோயுடைய 276 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினர்க்கு இப்பயிற்சியையும் மற்றவர்க்கு எஸிடலோபிராம் என்னும் மாத்திரையையும் அளித்தனர். எட்டு வார முடிவில் பயிற்சி மாத்திரைக்குக் குறைந்ததாகக் காணப்படவில்லை. அவர்கள் அனைவரும் முதியோர் அல்லர் என்பதையும் கருதல் வேண்டும். அதே ஆண்டில் வெளியான, 65 முதல் 84 வயதுடைய 585 பேரைக் கொண்ட வேறோர் ஆய்வில், இதனால் ஞாபகசக்தி வளர்ந்ததாகத் தெரியவில்லை. ஆதலின் மறதி நீங்கும் என்றெண்ணி இதனைத் தொடங்க வேண்டா. கவலையின் பிடி தளர்வதையே நாடுக.

முறை எளியது. பத்மாஸனம் வேண்டுவதில்லை, நாற்காலியில் அமர்ந்து இரு பாதங்களையும் தரையில் ஊன்றுக. இது பிராணாயாமம் அன்று. ஆதலின் மூச்சை அடக்காமல், அது வந்து போவதை அறிந்திருந்தாற் போதும். மூச்சைக் கவனித்தலால் படபடப்பு மிகுமாயின், பாதம் தரையைத் தொடும் உணர்ச்சியையோ தொலைவில் கேட்கும் மணியோசையையோ பற்றிக்கொள்ளலாம். சிறிது நேரத்தில் மனம் ஓடும். ஓடியதை அறிந்தவுடன், "கவலை வந்தது" என்று மட்டும் உள்ளே சொல்லி, கடிந்துகொள்ளாமல் திரும்பக் கொணர்க. பத்து நிமிஷத்தில் நூறு முறை ஓடினால், நூறு முறை கொணர்ந்ததே அன்றைய அப்யாஸம். அன்று தவறியது ஒன்றுமில்லை.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. படபடப்பெல்லாம் கவலையால் விளைவன அல்ல. தைராய்டு மிகுதி, இருதயத் துடிப்பின் கோளாறு, ஆஸ்துமாவுக்குரிய சில மருந்துகள் ஆகியவற்றாலும் அது நேரும். ஆகவே முதலில் வைத்தியரிடம் காட்டுதல் அவசியம். தியானம் பழகுகின்றோம் என்று மாத்திரைகளைத் தாமே நிறுத்தலாகாது. நெடுநாள் உண்ட தூக்க மாத்திரையைத் திடீரென விடுதல் அபாயம். பயிற்சியின்போது பழந்துயரம் பொங்கித் தாங்கவொண்ணாததாயின், நிறுத்திவிட்டு உற்றாரிடமும் வைத்தியரிடமும் சொல்லுக. இல்லத்தாரும் "சும்மா கவலைப்படாதீர்கள்" என்று அதட்டாமல், அப்பத்து நிமிஷம் அருகில் அமர்ந்திருப்பாராயின் அதுவே பெரிய கைங்கரியம்.

திருவீதியில் நடக்கும்போது ஒவ்வோரடியும் நிலத்தில் ஊன்றுவதை அறிந்து நடத்தலும் இவ்வப்யாஸமே. இன்றே தொடங்கலாம். முதியோர் யாவரும் மனச்சாந்தி பெற்று வாழ எம்பெருமான் திருவடிகளைப் பிரார்த்திக்கின்றேன்.