ஞானஸ்நானம் பெறாமல் மரித்த பாலகர் எங்கே?

நம்ம ஜவ்வாது மலையில் ஆர்.சி. குடும்பத்திலிருந்து வந்த தாய்மார் சிலர் மனதுக்குள்ளேயே வைத்து அழுகிற கேள்வி இது.

"உன் பிள்ளை லிம்போவில் இருக்கிறது" என்று பெரியவர்கள் சொல்லியிருப்பார்கள். உத்தரிக்கிற ஸ்தலம் வேறு, லிம்போ வேறு. அங்கே வேதனையும் இல்லை, தேவ தரிசனமும் இல்லையாம். ஜென்மபாவத்தோடு மரிக்கும் பாலகருக்கும் ஆக்கினை உண்டு, ஆனால் மிக லேசானது என்றார் அகுஸ்தீன். அது கடினமாய்த் தோன்றினபடியால், 13-ம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் போன்றவர்கள் வேதனையில்லாத லிம்போவைப் போதித்தார்கள். 1542-ல் முத்துக்குளித்துறைக்கு வந்த சவேரியார் பாலகருக்கு ஓடி ஓடி ஞானஸ்நானம் கொடுத்ததும், பரலோகம் தவறிவிடுமே என்கிற பாரத்தினால்தான்.

ஆனால் கவனியுங்கள். ரோமாபுரி சபை லிம்போவை ஒருபோதும் விசுவாசப் பிரமாணமாக்கவில்லை. 1992-ல் வந்த அவர்களுடைய மறைக்கல்வி நூலில் அந்தச் சொல்லே கிடையாது! பிள்ளைகளைத் தேவ இரக்கத்துக்கு ஒப்புவிக்கிறார்கள். அதற்குக் காட்டுகிற வசனம் மாற்கு 10:14. நம்ம ஆட்கள் சொல்லுகிற அதே வசனம்தான். 2007-ல் போப் 16-ம் பெனடிக்ட் சம்மதத்தோடு வந்த இறையியல் குழு அறிக்கை, பாலகரின் இரட்சிப்பை நம்பப் பலமான காரணங்கள் உண்டு, நிச்சயமான அறிவு இல்லை என்கிறது. நமக்கோ தாவீதின் நிச்சயம் உண்டு. 2 சாமுவேல் 12:23-ஐ வாசித்துப் பாருங்கள். ஆகவே துக்க வீட்டில் லிம்போ பேச்சை எடுக்காதீங்க.

கல்லறை விஷயமும் மாறிவிட்டது. 1917-ம் வருஷத்து ரோம சட்டத்தில் இப்படிப்பட்ட பிள்ளைக்குச் சபை அடக்கம் கிடையாது. 1983-ம் வருஷத்துச் சட்டப்படி, பெற்றோர் ஞானஸ்நானம் கொடுக்க எண்ணியிருந்தால், பிஷப் அனுமதியோடு பிள்ளையைச் சபை முறைப்படி அடக்கம் பண்ணலாம்.