நீரடியில் ஒரு நேர்மை

கொங்கு நாட்டுத் தோட்டத்துக் கிணறுகளில், முதுகில் காய்ந்த சுரைக்குடுக்கையைக் கட்டிக்கொண்டு நீந்தப் பழகியவர் பலர். அங்கே காலை எப்படி உதைத்தாலும் கேட்பார் இல்லை. பந்தயக் குளத்திலோ உதைக்கும் முறைக்கும் சட்டம் உண்டு. அதிலும் தவளையைப்போல் நீந்தும் மார்பு நீச்சலில் அது மிகக் கண்டிப்பானது. அச்சட்டம் எவ்வாறு காக்கப்படுகிறது என்று பார்ப்போமா?

மார்பு நீச்சலில் இரு கால்களும் ஒரே நேரத்தில், ஒரே மட்டத்தில் அசைய வேண்டும். உந்தும்போது பாதங்கள் வெளிப்புறம் திரும்பியிருக்க வேண்டும். கத்தரிக்கோல்போல் கால்களை வெட்டுவதும், டால்பின் வாலைப்போல் சேர்த்துக் கீழ்நோக்கி அடிப்பதும் குற்றம். டால்பின் உதை வேகம் தரும். அதனால்தான் அதில் ஆசை!

2004ஆம் ஆண்டு ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் ஜப்பானிய வீரர் கொசுகே கிடாஜிமா 100 மீட்டரில் தங்கம் வென்றார். அவர் டால்பின் உதை உதைத்ததாக அமெரிக்க வீரர் ஆரன் பியர்சால் குறை கூறினார். முடிவு மாறவில்லை. ஆனால் 2005இல் சட்டம் மாறியது. புறப்படும்போதும் திரும்பும்போதும் ஒரே ஒரு டால்பின் உதை அனுமதிக்கப்பட்டது. சரி, இரண்டாவது உதையைக் கண்டுபிடிப்பது யார்?

குளக்கரையில் நிற்கும் நடுவர்களே! தவறு கண்டவர் கையை உயர்த்தித் தலைமை நடுவரிடம் அறிவிப்பார். அவர் ஏற்றால் வீரர் தகுதி இழப்பார். ஐயம் எழுந்தால் அதன் பலன் வீரருக்கே என்பது மரபு. நீரிலிருந்து காற்றுக்கு வரும் ஒளி விலகும் என்று பௌதிகத்தில் படிக்கிறோம். அதனுடன் அலையும் நுரையும் சேர்ந்தால் கரையில் நிற்பவருக்கு எவ்வளவு தெரியும்?

2012இல் லண்டன் ஒலிம்பிக்கில் தென்னாப்பிரிக்காவின் கேமரன் வான் டெர் பர்க் 58.46 வினாடியில் உலக சாதனையுடன் தங்கம் வென்றார். ஒன்றுக்கு மேல் உதைத்ததாகப் பின்னர் அவரே ஒப்புக்கொண்டார். மற்றவர்கள் உதைக்கும்போது தாம் மட்டும் விட்டால் பின்தங்க நேரும் என்பது அவர் வாதம். பதக்கம் அவரிடமே நிலைத்தது.

இன்று பெரிய போட்டிகளில் நீரடிக் காமிரா நடுவருக்குத் துணை நிற்கிறது. பள்ளிப் போட்டிகளிலோ நடுவரின் இரு கண்களே காமிரா!

தோழியரே, ஒருவர் திருட்டு உதையால் முந்தினால், விதியை மதித்து நீந்திய இன்னொருவர் பதக்க மேடைக்குக் கீழே நிற்பார். அவர் பெயரை எந்தப் பத்திரிகையும் எழுதாது. சட்டத்தில் பாதியைக் காப்பவர் நடுவர். யாரும் காணாத மறுபாதியைக் காக்க வேண்டியவர்கள் நாமே.